அக்கா போலீஸ் நிலையத்திலிருந்து போன் செய்தாள்: பிள்ளைகள் வழக்கில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஈசூன் தாய்மாமன்:

இங்கே சிங்கப்பூரில், போன வருடம் நவம்பரில் ஒரு ராத்திரி. "தம்பி, இவனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், உடனே வா" என்றாள் அக்கா. வேறு எதுவும் சொல்ல வரவில்லை அவளுக்கு. அக்கா மகனுக்கு 14 வயது, உயர்நிலை 2. அவனும் கூட்டாளிகள் மூன்று பேரும் புளோக்குக் கீழே பூட்டாமல் நின்ற சைக்கிள்களை எடுத்து ஓட்டியிருக்கிறார்கள், ஓட்டிவிட்டுத் திரும்ப வைத்திருந்தாலாவது பரவாயில்லை, ஒன்றை 60 வெள்ளிக்கு இணையத்தில் விற்கவும் செய்துவிட்டார்கள். வாங்க வந்தவர்தான் சைக்கிளின் சொந்தக்காரர். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை எனக்கு.

நிலையத்தில் எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். பையன் உள்ளே. கொஞ்ச நேரத்தில் தலையில் தூடோங் என்ற முக்காடு அணிந்த ஒரு மாச்சிக் (மலாய்க்கார அம்மா) வந்து எங்களுக்கு ஒரு புன்னகையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பெற்ற நான் வெளியே, யாரோ ஒரு பொம்பளை உள்ளேயா?" என்றாள். அவர் போலீஸ் இல்லை, தொண்டூழியர் என்று அதிகாரி விளக்கிய பிறகும் அவள் நம்பவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருக்கும். வெளியே வந்தபோது பையனின் கையில் கசங்கிய ஒரு டிஷ்யூ. அதை அந்த மாச்சிக்தான் கொடுத்தாராம். "கழிவறைக்குப் போகணுமா, தண்ணி வேணுமான்னு அவங்கதான் கேட்டாங்க மாமா" என்றான்.

அதற்கப்புறம் பல மாதம் மௌனம். பிணையில் இருக்கிறான், பள்ளிக்கூடம் போகிறான், ஆனால் அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியாது. ஜெயிலா, கோர்ட்டா, பையன்களைத் தங்கவைத்துத் திருத்தும் அந்த பாய்ஸ் ஹோமா? எங்கள் வீட்டில் அக்காவைக் கொன்றது பையன் செய்த காரியத்தைவிட இந்தத் தெரியாமைதான். கடைசியில் வழக்கு கோர்ட்டுக்கே போகவில்லை. கைடன்ஸ் புரோகிராம் என்று 6 மாதம் ஒரு சமூக சேவை நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். ஒழுங்காக முடித்தால் கடுமையான எச்சரிக்கையோடு சரி. இப்படி ஒன்று 1997லிருந்தே இருக்கிறது என்று அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள். பெயர், பள்ளிக்கூடம் எதுவும் வேண்டாம்.

உட்லண்ட்ஸ் அம்மா:

உங்கள் மருமகன் அதிர்ஷ்டசாலி தம்பி. என் சின்னவன் அடிதடி, 15 வயது, அதற்கு முன்பே ஒரு எச்சரிக்கை வாங்கியவன். அதனால் நேராக இளையர் நீதிமன்றம். 2014க்கு முன்னால் அதைச் சிறார் நீதிமன்றம் என்பார்கள், அந்த வருடம் குடும்ப நீதிமன்றங்களோடு சேர்த்துப் பெயரையும் மாற்றினார்கள். நான் டிவியில் பார்த்த கோர்ட்டை நினைத்துக்கொண்டு பட்டுச்சேலை கட்டிப் போனேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உள்ளே வெளியாள் யாரும் கிடையாது, கதவு சாத்தியிருந்தது, பத்திரிகையிலும் பிள்ளையின் பெயரைப் போடக்கூடாது என்பது சட்டம். நீதிபதிக்குப் பக்கத்தில் ஆலோசகர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வக்கீல்கள் இல்லை, பொதுமக்களிலிருந்து நியமிக்கப்பட்டவர்கள். அதில் ஒருவர் என் மகனிடம், "நீ அடித்த பையனின் அம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் அவன் என்னைத்தான் திரும்பிப் பார்த்தான். வீட்டில் நான் கத்திய கத்தலில் ஒன்றாவது அவனை அப்படி நிறுத்தியிருக்கிறதா? இல்லை.

இன்னொன்றையும் அங்கேதான் கவனித்தேன். பிள்ளைகள் விஷயத்தில் 'தண்டனை' என்ற சொல்லையே சட்டம் தவிர்க்கச் சொல்கிறது. குற்றம் செய்திருப்பது உறுதியானால் ஒரு 'உத்தரவு' போடுவார்கள், அவ்வளவுதான். முதலில் அறிக்கை கேட்டு வழக்கைத் தள்ளிவைத்தார்கள். அதிகாரி வீட்டுக்கே வந்து பள்ளிக்கூடம், கூட்டாளிகள், என் வேலை நேரம், வீட்டுக்காரரின் குடி எல்லாவற்றையும் கேட்டார். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன், சொன்னது நல்லதாகப் போயிற்று. நன்னடத்தைக் கண்காணிப்பு கிடைத்தது. அது 6 மாதத்திலிருந்து 3 வருடம் வரை போகலாம், இவனுக்கு 18 மாதம். ராத்திரி 9 மணிக்குமேல் வெளியே போகக்கூடாது, சமூக சேவை மணிநேரம் முடிக்க வேண்டும், நானும் பிணைப்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். தீபாவளி அன்று தேக்காவில் அவனுடைய கூட்டாளிகள் எல்லாம் சுற்ற, இவன் எட்டரை மணிக்கே எம்ஆர்டி ஏறினான். அன்றைக்கு மட்டும் எனக்கே பாவமாக இருந்தது.

தெம்பனிஸ் 201:

உட்லண்ட்ஸ் அக்கா சொன்னது சரி, ஆனால் வயது ஒரு பெரிய கோடு. 2018ல் என் தம்பி மேல் குற்றம் சாட்டும்போது அவனுக்கு 16 முடிந்து 2 மாதம். அந்த 2 மாதத்தால் இளையர் நீதிமன்றம் இல்லை, பெரியவர்களோடு அரசு நீதிமன்றத்தில் வரிசையில் நின்றான். 2019ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தப் பாதுகாப்பை 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வரை நீட்டிக்க முடிவு செய்தது. குற்றப் பொறுப்புக்கான குறைந்த வயதை 7லிருந்து 10ஆக உயர்த்தும் சட்டமும் அதே வருடம்தான் நிறைவேறியது. ஏழு வயது என்றால் தொடக்கநிலை 1 பிள்ளை, யோசித்துப் பாருங்கள்.

உள்ளே உட்கார்ந்தவன்:

ஈசூன் அண்ணே, உங்கள் அக்காவின் கோபம் எனக்குப் பழக்கமான கோபம். அந்த மாச்சிக் செய்த அதே தொண்டூழியத்தைத்தான், போலீஸ் விசாரணையில் பிள்ளைக்குத் துணையாக உட்காருவதைத்தான், நானும் செய்கிறேன். இது 2017ல் ஆரம்பித்தது, சிறுவர் சங்கம்தான் ஆள் அனுப்புகிறது. 2016ல் 14 வயதுப் பையன் ஒருவன் விசாரணை முடிந்து வீடு திரும்பிய அன்றே இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும், நாடே அதைப் பற்றிப் பேசியது. பெற்றோரை ஏன் விடுவதில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். அப்பா பக்கத்தில் இருந்தால் பையன் வாயே திறக்க மாட்டான், இல்லை அப்பாவே அவனுக்காகப் பேசிவிடுவார், அல்லது அங்கேயே கன்னத்தில் ஒன்று விழும். நாங்கள் யார் பக்கமும் இல்லை. சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது. கேள்வி புரிகிறதா, பயந்துபோயிருக்கிறானா, ஓய்வு வேண்டுமா என்று பார்ப்போம், அதோடு சரி. ஒருமுறை ஒரு பிள்ளை எல்லாக் கேள்விக்கும் "யெஸ் சார்" என்றான். கேள்வியை உன் வார்த்தையில் திரும்பச் சொல் என்றதும் விழித்தான், ஒன்றும் புரிந்திருக்கவில்லை. ராத்திரி 2 மணிக்கு அழைப்பு வந்தால் பாலில்லாத கோப்பி ஓ ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான், அதில் குறை இல்லை. எனக்குள்ள குறை வேறு: வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அந்த நேரத்தில் யாரும் எதையும் விளக்குவதில்லை.

ஜூரோங் பழையவன்:

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். 2009ல் ஜூரோங் வெஸ்ட் பாய்ஸ் ஹோமில் இருந்தவன். அப்போது அதை 'அப்ரூவ்ட் ஸ்கூல்' என்பார்கள், இப்போது மறுவாழ்வு நிலையம் என்கிறார்கள். அதிகபட்சம் 3 வருடம், நான் 2 வருடம் இருந்தேன். நிறையப் பேர் அதையும் சீர்திருத்தப் பயிற்சி நிலையத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது சிறைத்துறையின் கையில், இது சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் கையில், இரண்டும் ஒன்றே இல்லை. என் அப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாது, "மகன் ஜெயிலில்" என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலி இருந்தது, நேரத்துக்கு நேரம் தலை எண்ணினார்கள், அதையெல்லாம் மறைக்க மாட்டேன். ஆனால் உள்ளேயே வகுப்பு நடந்தது, என் பாதிப் படிப்பு அங்கேதான். முதல் முறை வார இறுதிக்கு வீட்டுக்கு விட்டபோது அம்மா ஆட்டுக்கறி சமைத்திருந்தார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு, உட்காரலாமா என்று அனுமதி கேட்டு நின்றேன். அம்மா சமையலறைக்குள் போய்விட்டார். இப்போது எனக்கு ஒரு மகன், அவனுக்கு இதெல்லாம் தெரியாது.

செங்காங் அப்பா:

குற்றமே செய்யாத பிள்ளை, ஆனால் வீட்டுக்கே வருவதில்லை, அதற்கு என்ன வழி? மகளுக்கு 15. முன்பு பெற்றோர் நேராகக் கோர்ட்டில் புகார் கொடுக்கலாமாமே?

உட்லண்ட்ஸ் அம்மா:

அது பழைய முறை தம்பி, 'பெற்றோர் கட்டுப்பாட்டை மீறியவர்' என்று பிள்ளையின் பெயரில் முத்திரை குத்தும். இப்போது அதைக் குடும்ப வழிகாட்டல் உத்தரவு என்று மாற்றிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போவதற்கு முன் நீங்களும் மகளும் சேர்ந்து ஒரு குடும்பத் திட்டத்தை முடிக்க வேண்டும். நேராகக் கோர்ட்டுக்கு ஓடாதீர்கள், முதலில் பக்கத்துக் குடும்ப சேவை நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். மகளையும் கையோடு கூட்டிப்போங்கள், வர மறுத்தாலும் நீங்கள் மட்டுமாவது போங்கள்.

ஈசூன் தாய்மாமன்:

எல்லாருக்கும் நன்றி. உள்ளே உட்கார்ந்தவருக்கு ஒன்று: நீங்கள் எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, அந்த மாச்சிக்கின் பெயர் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, தெரிந்தாலும் நிலையத்தில் சொல்ல மாட்டார்கள் என்றேன். பையனுக்கு இன்னும் இரண்டு அமர்வு பாக்கி, வியாழக்கிழமை நான்தான் கூட்டிப்போகிறேன்.