போதைக் காளான், எம்டிஎம்ஏ சிகிச்சையெல்லாம் நம்ம ஊர்ல டாக்டர் கண்காணிப்புல சட்டப்படி கொடுக்க வழியே இல்லையா?

கெடிலக்கரை:
எல்லாருக்கும் வணக்கம், திருப்பாதிரிப்புலியூர்லேர்ந்து எழுதறேன். எங்க பெரியம்மா பையன், எனக்கு அண்ணன், தேவனாம்பட்டினத்துல மீன் யாவாரம். 2004 சுனாமில மூத்த பொண்ண பறிகொடுத்தவர். பொண்ணு கைய புடிச்சிருந்தாராம், அலைல நழுவிப்போச்சு, அதான் இன்னிக்கும் ராத்திரியானா வருது அவருக்கு. புயல் அறிவிப்பு டிவில ஓடினா போதும் வீட்ல ஒருத்தரும் தூங்க முடியாது, 2011 தானே புயலப்ப அவர புடிச்சி வெக்கறதே பெரும்பாடா போச்சு. டாக்டர்கிட்ட காட்டாம இல்ல, மாத்திரைய மாத்தி மாத்தி கொடுத்துப் பாத்துட்டாங்க, காலைல மந்தமா உக்காந்திருப்பார், சாயங்காலம் பாண்டி எல்லைல முள்ளோடை போயி குடிச்சிட்டு வந்துடுவார், அவ்ளோதான் வைத்தியம்.

இப்ப பிரச்சன என்னன்னா, பாண்டி பக்கம் ஏதோ ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல கொடைக்கானல் போதைக் காளான் கொடுத்து ‘செரிமனி’ பண்றாங்களாம், ஒரே ராத்திரில மனசுல இருக்கறதெல்லாம் எறங்கிடும்னு அவரோட கூட்டாளி ஒருத்தன் ஏத்தி விட்டிருக்கான். அண்ணியும் பணத்துக்கு ஏற்பாடு பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ஆஸ்திரேலியால டாக்டருங்களே இத எழுதிக் கொடுக்கறாங்கன்னு படிச்சேன், உண்மையா? உண்மைனா இங்க ஆஸ்பத்திரில ஏன் இல்ல, யார்கிட்ட கேக்கணும்? கஞ்சா கேஸ் மாதிரி பேசறவங்க தயவுசெஞ்சு ஒதுங்கிக்கோங்க.

ஓபி சீட்டு:
கெடிலக்கரை அண்ணா, நான் புதுச்சேரில சைக்கியாட்ரி பிஜி பண்றேன். ஆஸ்திரேலியா விஷயம் உண்மைதான், 2023 ஜூலை 1லேர்ந்து அங்க அனுமதி வாங்கின மனநல டாக்டருங்க மட்டும் ரெண்டு மருந்த எழுதலாம். எம்டிஎம்ஏ (எக்ஸ்டசின்னு போதைக்கு விக்கறது) பிடிஎஸ்டிக்கு, அதாவது பெரிய அதிர்ச்சிக்கப்புறம் விடாம தொடர்ற மன பாதிப்புக்கு, சைலோசைபின், அதாவது காளான்ல இருக்கற சரக்கு, எந்த மாத்திரைக்கும் கேக்காத டிப்ரஷனுக்கு. இத நல்லா கவனிங்க, உங்க அண்ணனுக்கு இருக்கறது கேட்டா பிடிஎஸ்டி மாதிரி தெரியுது (பாக்காம உறுதியா சொல்ல மாட்டேன்), அந்த கெஸ்ட் ஹவுஸ்காரன் கொடுக்கறது காளான். எந்த வியாதிக்கு எதுன்னே தெரியாம காசு வாங்கறான்.

ஆராய்ச்சில இது எப்படி நடக்குதுன்னு சொல்றேன், ஏன்னா ‘மாத்திரைய முழுங்கினா சரியாயிடும்’னு நெனச்சிட்டு இருக்காங்க எல்லாரும். மொதல்ல சில தடவ தெரபிஸ்டோட உக்காந்து பேசணும். மருந்து கொடுக்கற நாள் ரூம்ல படுக்க வெச்சு ஆறு எட்டு மணி நேரம் ரெண்டு பேர் பக்கத்துலயே இருப்பாங்க, பிபி பல்ஸ் பாத்துக்கிட்டே. அப்புறம் உள்ள வந்ததெல்லாத்தையும் திரும்ப உக்காந்து பேசி ஒழுங்குபடுத்தணும், உண்மையான வேலையே அங்கதான். 2021ல வந்த எம்டிஎம்ஏ ட்ரயல்ல 90 பேர், மருந்தும் தெரபியும் சேந்து வாங்கினவங்கள்ல 67 சதவீதம் பேருக்கு கடைசில பிடிஎஸ்டின்னு சொல்ற அளவுக்கு எதுவும் இல்ல. வெறும் தெரபியோட டம்மி மாத்திரை வாங்கினவங்கள்லயும் 32 சதவீதம் பேர் அப்படித்தான், அதாவது பேச்சுக்கே பாதி பலம் இருக்கு. சைலோசைபினுக்கு 2022ல 233 பேர வெச்சு ஒரு ட்ரயல், ஒரே ஒரு டோஸ் 25 மில்லிகிராம், மூணு வாரத்துல நல்ல வித்தியாசம் தெரிஞ்சுது, ஆனா மூணு மாசம் ஆனப்ப அந்த பலன் நிறைய பேருக்கு நிக்கல. சில பேருக்கு தற்கொலை எண்ணமும் வந்துச்சு.

அமெரிக்கால 2024 ஆகஸ்ட்ல எஃப்டிஏ, அதான் அங்க மருந்துக்கு அனுமதி கொடுக்கற அமைப்பு, எம்டிஎம்ஏவ ஏத்துக்கல, இன்னொரு பெரிய ட்ரயல் பண்ணிட்டு வாங்கன்னுட்டாங்க. யாருக்கு நெஜ மருந்து போச்சுன்னு எல்லாருக்கும் மூஞ்சப் பாத்தாலே தெரிஞ்சுடும், அதனால ஒப்பிட்டுப் பாக்கறதே கஷ்டம், அது ஒரு காரணம். அதுக்கு முந்தின ஒரு ட்ரயல்ல தெரபிஸ்டே நோயாளிகிட்ட தப்பா நடந்துகிட்ட விஷயமும் வெளிய வந்துச்சு. கண்காணிப்பு இருக்கற எடத்துலயே அப்படின்னா, மனசு அவ்ளோ தொறந்து கெடக்கற நேரத்துல கேக்க ஆளில்லாத ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல விட்டா என்ன ஆகும்? நான் இத சட்டப்படி கொண்டுவரணும்னு சொல்றதே அதுக்காகத்தான். பைபோலார், ஸ்கிசோஃப்ரினியா குடும்பத்துல இருந்தா பல ட்ரயல்ல சேக்கவே மாட்டாங்க, ஹார்ட் பிரச்சன இருந்தாலும் யோசிப்பாங்க. கெஸ்ட் ஹவுஸ்ல இதெல்லாம் யார் கேப்பா?

அண்ணன் சாப்பிடற மாத்திரைய ‘செரிமனிக்கு முன்னாடி நிறுத்திடு’ன்னு எவனாவது சொன்னா கேக்க வேணாம், திடீர்னு நிறுத்தினா வேற வம்பு.

பெண்ணையாத்து வக்கீல்:
டாக்டர் தம்பி மருத்துவம் சொல்லிட்டாரு, நான் சட்டம் மட்டும் சொல்றேன். என்டிபிஎஸ், அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985. எல்எஸ்டி, சைலோசைபின், எம்டிஎம்ஏ மூணும் அதுல சைக்கோட்ராபிக், அதாவது மனச மாத்தற மருந்துங்க, பட்டியல்ல இருக்கு. காளான் தானா மொளைக்கறது, பட்டியல்ல இல்லன்னு சொல்லி கேரள ஐகோர்ட் மாதிரி சில எடத்துல ஜாமீன் கொடுத்திருக்காங்க, ஆனா அதுக்குள்ள இருக்கற சைலோசைபின் பட்டியல்லதான் இருக்கு, அதனால ‘இயற்கையா மொளைக்கறதுதானே’ன்னு சொல்லி நிச்சயமா தப்பிக்கலாம்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. எடம் கொடுத்தவனுக்கும் 25வது பிரிவுல தண்டன உண்டு. கமர்ஷியல் குவான்டிட்டின்னு, அதாவது விக்கற அளவுக்கு வெச்சிருந்தான்னு, போட்டுட்டா 37வது பிரிவு வரும், ஜாமீன் குதிரைக்கொம்பு. எல்எஸ்டிக்கு அந்த அளவு வெறும் 0.1 கிராம், கேட்டுக்கோங்க.

ஆனா அதே சட்டத்துல 8வது பிரிவப் படிங்க, ‘மருத்துவ, அறிவியல் தேவைக்குத் தவிர’ன்னு தெளிவா இருக்கு. இந்தியா சேந்திருக்கற 1971 ஐநா ஒப்பந்தத்துலயும் இதே மாதிரி விலக்கு இருக்கு. அதனால சட்டமே தடுக்குதுன்னு சொல்றது பாதி உண்மை, அனுமதி கேட்டு வர்றவங்களுக்கு வழி போட்டுக் கொடுக்க யாருக்கும் அக்கற இல்லைங்கறதுதான் மீதி.

இதுக்கு முன்னுதாரணம் இருக்கு, மார்ஃபின். காஜிப்பூர்லயும் நீமச்லயும் அரசாங்கமே அபின் ஃபேக்டரி வெச்சிருக்கு, வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ணுது, ஆனா 1985க்கு அப்புறம் நம்ம கேன்சர் நோயாளிங்க வலில துடிக்கும்போது பெரும்பாலான ஆஸ்பத்திரில மார்ஃபின் கெடையாது, ஏன்னா அவ்ளோ லைசென்ஸ், மாநிலத்துக்கு மாநிலம் வேற வேற பேப்பர், எந்த ஆஸ்பத்திரியும் தொட பயந்துச்சு. கேரளால வலி தணிப்பு டாக்டருங்க வருஷக்கணக்கா கத்தி, வழக்கு போட்டு, மனு கொடுத்து, 2014ல பார்லிமென்ட் சட்டத்த திருத்தினாங்க. போதைய அவுத்து விடுங்கன்னு யாரும் கேக்கல, ஆஸ்பத்திரிக்கு மட்டும் வழிய விடுன்னுதான் கேட்டாங்க. நாமளும் அத மட்டும்தான் கேக்கணும்.

இன்னொரு வேடிக்க. ஆத்துப் பாலத்த தாண்டினா பாண்டி, பாட்டில் வரிசையா அடுக்கி வெச்சிருக்கான், அது மனசுக்கு மருந்துன்னு ஊரே குடிக்குது, சர்க்காருக்கு வருமானம். டாக்டர் பக்கத்துல உக்காந்து ஒரு டோஸ் கொடுக்கறேன்னா மட்டும் சமுதாயம் கெட்டுப்போயிடுமாம்.

முதுநகர் மல்லிகா:
நான் ஸ்டாஃப் நர்ஸ், இருவது வருஷத்துக்கு மேல சர்வீஸ். வக்கீல் சார் நல்லா பேசறீங்க, ஆனா ஒரு நோயாளிக்கு ரெண்டு பேர் எட்டு மணி நேரம்ங்கறது எங்க நடக்கும்? மனநல ஓபில ஒருத்தர்கிட்ட அஞ்சு நிமிஷம் பேசினாலே பின்னாடி நிக்கறவங்க சத்தம் போடறாங்க. ஆஸ்திரேலியாலயே நம்ம காசுக்கு பல லட்சம் ஆகுதுன்னு படிச்சேன். கடைசில பணக்காரன் ஈசிஆர்ல ரிசார்ட் போட்டு சிகிச்சைன்னு நடத்துவான், தேவனாம்பட்டினத்துக்காரருக்கு அதே பழைய மாத்திரதான். மொதல்ல பேசறதுக்கு ஆள் போடுங்க, அப்புறம் காளானப் பத்தி பேசலாம்.

ஓபி சீட்டு:
மல்லிகா அக்கா சொல்றதுல தப்பே இல்ல, அதனாலதான் தனியார் கிளினிக்ல ஆரம்பிக்கக் கூடாதுன்னு நெனைக்கறேன். ஜிப்மர் மாதிரி மத்திய அரசு ஆஸ்பத்திரி, நிமான்ஸ் மாதிரி எடத்துல 2019 ட்ரயல் விதிகள்படி எத்திக்ஸ் கமிட்டி பாத்து, நோயாளிகிட்ட காசு வாங்காம ஆரம்பிக்கணும். ஆள் போட்டாதான் ட்ரயலே நடக்கும், அப்ப ஆள் கேக்கறதும் இதுக்குள்ள வந்துடுது.

கெடிலக்கரை அண்ணா, கெட்டமின் பத்தி கேட்டுப் பாருங்க. ஆபரேஷன் தியேட்டர்ல காலங்காலமா இருக்கற மயக்க மருந்து, இந்தியால சில மனநலப் பிரிவுல கடுமையான டிப்ரஷனுக்கு கண்காணிப்புல கொடுக்கறாங்க, சட்டப்படி. பிடிஎஸ்டிக்கு ஆதாரம் அவ்ளோ பலமா இல்ல, குடி வேற இருக்கு, அதனால உங்க அண்ணனுக்கு ஒத்துவருமான்னு டாக்டர்தான் சொல்லணும். அதுக்கு முன்னாடி இஎம்டிஆர் (கண்ண அசைக்க வெச்சு பழைய நெனப்ப ஆத்தற தெரபி), ட்ராமாக்குன்னே இருக்கற சிபிடி (நெனப்பையும் பழக்கத்தையும் மாத்தற பேச்சு தெரபி), இதெல்லாம் அவருக்கு யாராவது செஞ்சாங்களா? வெறும் மாத்திரைன்னா அவருக்கு இன்னும் பாதி வைத்தியமே நடக்கல. ராத்திரி ரொம்ப முடியலைன்னா 14416, டெலி மானஸ், தமிழ்ல பேசுவாங்க, காசு இல்ல.

கெடிலக்கரை:
நன்றி தம்பி, இஎம்டிஆர்னு ஒண்ணு இருக்கறதே இப்பதான் கேள்விப்படறேன், யாரும் சொல்லவே இல்ல. அண்ணிகிட்ட 25வது பிரிவு கதைய சொன்னேன், கெஸ்ட் ஹவுஸ் பேச்ச நிறுத்திட்டாங்க, போலீஸ்னா அவங்களுக்கு பயம். அண்ணன் மட்டும் ‘அப்ப சர்க்காரு எப்ப கொடுக்கும்’னு கேக்கறார், என்ன பதில் சொல்றது. வக்கீல் சார், மனு யாருக்கு போடணும்?

பெண்ணையாத்து வக்கீல்:
மத்திய சுகாதாரத் துறைக்கு ஒண்ணு, மத்திய நிதி அமைச்சகத்து வருவாய்த் துறைக்கு ஒண்ணு, என்டிபிஎஸ் அவங்க கைலதான் இருக்கு. எம்பிக்கு ஒரு நகல். சுனாமி பாதிச்ச குடும்பம்னு மொதல் பத்தியிலயே எழுதுங்க. டிராஃப்ட் நான் போட்டுத் தரேன், ஃபீஸ் வேணாம்.

முதுநகர் மல்லிகா:
டிராஃப்ட்ல கடலூர் ஜிஎச்சுக்கு சைக்காலஜிஸ்ட் போஸ்ட் அதிகமா வேணும்னு ஒரு பாயின்ட் சேருங்க சார். அது இருந்தா நானும் கையெழுத்து போடறேன்.