ஊர்ச் சைற்றின் கொமென்ட் பகுதி: சொந்தப் பெயர் கட்டாயமா?

கல்லடி வாவிக்கரை

வணக்கம். எங்கள் வாசகசாலைப் பொடியன்கள் நடத்தும் ஊர்ச் சைற்றைப் புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். மரண அறிவித்தல், திருவிழா, பரீட்சை முடிவு, வயல், குளம், வீதி என்று ஊர்க் காரியம் எல்லாம் அதில் வரும். வேர்ட்பிரஸ் என்ற சைற் மென்பொருளில் ஓடுகிறது. மற்ற வேலை எல்லாம் முடிந்துவிட்டது. கொமென்ட் பகுதியை எப்படி வைப்பது என்பதில்தான் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். அடையாள அட்டையில் இருக்கிற பெயரையும் போன் நம்பரையும் கொடுத்துப் பதிவு செய்தவர் மட்டும் எழுதலாம். எழுதியதை நாங்கள் பார்த்த பிறகுதான் வெளியே விடுவோம். போன மாதம் ஒரு மரண அறிவித்தலுக்குக் கீழே பெயர் போடாத ஒருவர், இறந்தவரின் காணித் தகராறை இழுத்து எழுதினார். எட்டுச் செலவு முடியும் முன்னம் அந்த வீட்டுப் பிள்ளைகள் அதை வாசித்தார்கள். சொந்தப் பெயரில் எழுத வேண்டி இருந்தால் அந்த மனிதன் வாயே திறந்திருக்கமாட்டார்.

படுவான்கரையான்

தம்பி, அந்த மரண வீட்டு விசயம் எனக்கும் வருத்தம்தான். ஆனால் எல்லோரையும் அடையாள அட்டையோடு வரச் சொன்னால் வேறு யார் யாருடைய வாய் மூடும் என்று பாருங்கள்.

சிறுபோகத்துக்குப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடந்தது. எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எந்தக் கண்டத்துக்கு முதலில் பாய்ச்சுவது என்றெல்லாம் முடிவெடுத்தார்கள். வாய்க்காலில் நடந்தது வேறு. கடைசியில் கிடக்கிற வயல்களுக்குத் தண்ணீர் வந்து சேரவே இல்லை. உங்கள் செய்திக்குக் கீழே நாலைந்து பேர் அதை எழுதினார்கள். எந்த மதகு பூட்டிக் கிடந்தது, இரவில் எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று விபரமாகவே எழுதினார்கள். எல்லாம் புனைபெயர். அவர்கள் உர மானியத்துக்கும் பயிர் அழிவு நட்டஈட்டுக்கும் கையெழுத்து வாங்கப் போவது அதே ஆட்களிடம்தான். பெயர் போட்டு எழுதுவார்களா?

நுண்கடன் பற்றிப் பெண்கள் எழுதியதும் அப்படித்தான். கிழமைக் காசு வாங்க வாசலில் வந்து குந்துகிறவர்களைப் பற்றி, வீட்டுக்காரருக்குத் தெரியாமல் கடன் எடுத்த ஒரு பெண் சொந்தப் பெயரில் எழுதுவாள் என்று நினைக்கிறீர்களா? அந்தக் கொமென்டுகள் வந்த பிறகுதான் ஊருக்குள் அதைப் பற்றிக் கதைக்கவே தொடங்கினோம்.

ஆரையம்பதி ரீச்சர்

அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்ததும் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படத்தைச் சைற்றில் போட்டார்கள். அதில் ஒரு பொம்பிளைப் பிள்ளையின் படத்துக்குக் கீழே வந்தவற்றை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. யாருடைய மகள், எந்த ஒழுங்கையில் வீடு, நம்பர் கிடைக்குமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். "ரசிகன்", "தனிமை" என்று பெயர். தகப்பன் வந்து படத்தையே எடுக்கச் சொன்னார், எடுத்தார்கள். ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளையின் படம் சொந்த ஊர்ச் சைற்றில் இருக்க முடியாமல் போனது. இதற்கு யார் பொறுப்பு? பெயர் தெரிந்தால் பெற்றோரைக் கூப்பிட்டாவது கதைக்கலாம்.

அக்கரைப்பற்றுப் புரோகிராமர்

ரீச்சர், நான் இந்த மாதிரிச் சைற் வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சொந்தப் பெயர் கேட்டால் ஆட்கள் ஒழுங்காக எழுதுவார்கள் என்பதை நம்ப முடியவில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் நடந்தது எங்கள் வாசலில் நடந்தது. ஒரு சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற கதை, கடை, பள்ளிவாசல் என்று அடித்து நொறுக்குவதில் முடிந்தது. கறியில் கிடந்தது வெறும் மாக் கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். அதற்குள் அந்தக் கடைக்காரர் அதை ஒப்புக்கொண்டது போலப் பேசிய வீடியோ பேஸ்புக்கில் எங்கும் போய்விட்டது. அடுத்த கிழமை கண்டிப் பக்கம் கலவரம், பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் சில நாள் நிறுத்தியது. பேஸ்புக் சொந்தப் பெயர்தான் வேண்டும் என்று விதி வைத்திருக்கிற இடம். பெயரோடு, முகத்தோடு, பிள்ளைகளைத் தூக்கி வைத்திருக்கிற புரொபைல் படத்தோடுதான் ஆட்கள் அதைப் பகிர்ந்தார்கள். கூட்டம் தன் பக்கம் என்று தெரிந்துவிட்டால் பெயர் யாரையும் தடுப்பதில்லை.

தென் கொரியாவில் சட்டமே போட்டுப் பார்த்தார்கள். 2007இல் இருந்து பெரிய தளங்களில் கொமென்ட் எழுத அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும் என்றார்கள். 2011இல் ஒரு பெரிய தளம் களவு போனது. சுமார் 3.5 கோடிப் பேரின் விபரம் வெளியே போய்விட்டது. 2012இல் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று ஒரே குரலில் தீர்ப்பளித்தது. வாசகசாலைக் கம்பியூட்டரில் ஊர்ச் சனத்தின் அடையாள அட்டை நம்பரைச் சேர்த்து வைத்தால் அதைக் காக்கப் போவது யார்? எங்கள் நாட்டிலும் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

கல்லடி வாவிக்கரை

நானா, அடையாள அட்டை நம்பர் வேண்டாம், சரி. ஆனால் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே. எஸ்தோனியாவில் டெல்பி என்ற செய்தித் தளம், 2006இல் ஒரு படகுச் சேவைக் கம்பனி பற்றிச் செய்தி போட்டது. 185 கொமென்ட் வந்தது, அதில் இருபது போல மிரட்டலும் வசையும். தளத்தில் கெட்ட வார்த்தை பிடிக்கிற பில்டர் இருந்தது, முறைப்பாட்டுப் பட்டன் இருந்தது, வக்கீல் கடிதம் வந்த அன்றே அழித்தும் விட்டார்கள். ஆனால் அதற்குள் ஆறு கிழமை போய்விட்டது. எழுதியவர் யாரோ, தண்டம் தளத்துக்கு. 2015இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அது சரி என்றது. இங்கே 2024இல், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்திருக்கிறது. நாளைக்கு ஒருவர் வழக்கென்று வந்தால் எங்கள் குழுவில் இருக்கிற ஏ.எல். படிக்கிற பொடியன்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

அக்கரைப்பற்றுப் புரோகிராமர்

அதே நீதிமன்றம் 2016இல் ஹங்கேரி வழக்கில் மறுபக்கம் தீர்ப்பளித்தது, தம்பி. அங்கே வந்தவை மரியாதையற்ற கொமென்டுகள், ஆனால் வெறுப்புப் பேச்சோ மிரட்டலோ இல்லை. அதற்காகத் தளத்தைத் தண்டித்தது கருத்துச் சுதந்திரத்தை மீறியது என்றார்கள். இரண்டும் ஐரோப்பியத் தீர்ப்பு, எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் டெல்பி மாட்டியது எழுதியவருக்குப் பெயர் இல்லை என்பதால் மட்டும் இல்லை. மிரட்டல் ஆறு கிழமை அங்கேயே கிடந்தது. அதாவது யாரும் வாசிக்கவில்லை. நீங்கள் பெயர் கேட்பதை விட்டுவிட்டு வாசிப்பதைக் கேளுங்கள் என்கிறேன்.

சுவிஸ் மாமா

மருமக்களே, ஒவ்வொன்றாக வாசித்து விடுவோம் என்கிறீர்கள். நாங்கள் வெளிநாட்டில் இருந்து மரண அறிவித்தலைப் பார்த்து இரண்டு வரி எழுதுவது இரவு வேலை முடிந்து வந்து. உங்களுக்கு அப்போது விடியப்புறம். நீங்கள் எழும்பி, பள்ளிக்கூடம் வேலை என்று போய், பின்நேரம் பார்த்து விடும்போது அங்கே பிரேதம் எடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் வாசிக்க வேண்டிய நேரத்தில் எங்கள் வார்த்தை இல்லை. என்னைக் கேட்டால் கொமென்டைத் தூக்கிப் பேஸ்புக்கோடு இணைத்துவிடுங்கள். உடனே வரும், உங்களுக்கும் வேலை மிச்சம்.

ஆரையம்பதி ரீச்சர்

மாமா, அதே பேஸ்புக்கைப் பற்றித்தான் மேலே அம்பாறைக் கதை எழுதியிருக்கிறார்கள். அதோடு எங்கள் பக்கத்துக் கதை எல்லாம் இன்னொருவர் கையில் போய்விடும். அவர்கள் மூடினால் எங்கள் ஆட்கள் எழுதிய துயர் பகிர்வும் போகும்.

சுவிஸ் மாமா

அப்ப உடனே வருவதற்கு வேறு வழி சொல்லுங்கள் பிள்ளை. நான் அவசரத்தைத்தான் சொல்கிறேன்.

அக்கரைப்பற்றுப் புரோகிராமர்

வழி வேர்ட்பிரஸிலேயே இருக்கிறது மாமா. கலந்துரையாடல் செட்டிங்கில், ஏற்கெனவே ஒரு கொமென்ட் அனுமதி பெற்றவருடைய அடுத்த கொமென்ட் நேரே வெளியாகட்டும் என்று ஒரு தெரிவு உண்டு. முதல் தடவை மட்டும் ஒருவர் பார்த்து விட்டால் போதும், பிறகு நீங்கள் எந்தச் சாமத்தில் எழுதினாலும் உடனே வரும். அது பெயரையும் ஈமெயிலையும் வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும், அதனால் ஒரே பெயர், ஒரே ஈமெயிலில் எழுதுங்கள்.

கெட்ட வார்த்தைப் பட்டியலை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அது சொல்லின் நடுவில் இருந்தாலும் பிடிக்கும். "எருமை" என்று பட்டியலில் போட்டால் எருமைத் தயிர் விலை எழுதியவரும் மாட்டுவார். மட்டக்களப்பில் இது எத்தனை தரம் நடக்கும் என்று யோசியுங்கள். ஏசுகிறவனோ ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிவிட்டுத் தப்பிப் போவான், ஒரே ஏச்சை எட்டு விதமாக எழுதலாம். இன்னொன்று, வயதானவர்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டி வைத்ததை அப்படியே கொண்டு வந்து ஒட்டுகிறார்கள், அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. அதை ஸ்பாம் என்று அழித்துவிடாமல் யுனிகோடுக்கு மாற்றிப் போடுங்கள்.

பதிலுக்குப் பதில் ஐந்து படி வரை உள்ளே போகும், அதுதான் வழமையான செட்டிங். போனில் ஐந்தாம் படியைத் திறந்து பாருங்கள். வரிக்கு ஒரு சொல்கூடக் கொள்ளாது, "கொடுத்திருக்கிறார்கள்" மூன்று துண்டாக உடைந்து தொங்கும். இரண்டு படி போதும்.

படுவான்கரையான்

நானா, ஈமெயில் என்றீர்கள். அது யார் கண்ணுக்குத் தெரியும்?

அக்கரைப்பற்றுப் புரோகிராமர்

வாசிக்கிற சனத்துக்குத் தெரியாது. ஆனால் அனுமதி கொடுக்கிறவருக்குத் தெரியும். ஒவ்வொரு கொமென்டுக்குப் பக்கத்திலும் பெயர், ஈமெயில், எந்த இணைய இணைப்பில் இருந்து எழுதினார் என்று காட்டுகிற ஐபி முகவரி மூன்றும் நிற்கும். அறிவித்தல் ஈமெயிலிலும் அது வரும். இன்னொரு ஓட்டையும் உண்டு. எழுதினவரின் பக்கத்தில் சின்னப் படம் காட்டுகிற வசதி, ஈமெயிலில் இருந்து கணித்த ஒரு குறியீட்டைப் பக்கத்துக்குள் வைக்கும். ஒருவருடைய ஈமெயில் இதுவாக இருக்கும் என்று ஊகிக்கிறவர் அதைக் கணித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். புனைபெயர்காரர் இருக்கிற சைற்றில் அந்தப் படத்தை நிறுத்திவிட வேண்டும்.

படுவான்கரையான்

இதைத்தான் நான் பயந்தேன். உங்கள் குழுவில் பதினொரு பேர். அதில் ஒருவருடைய மச்சான் வாய்க்கால் அலுவல் பார்க்கிறவர். தம்பி கோபிக்க வேண்டாம், ஊர் என்றால் அப்படித்தான், எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். பெயரை வெளியே மறைத்துவிட்டு உள்ளே பதினொரு பேருக்குக் காட்டினால் அது மறைப்பா?

கல்லடி வாவிக்கரை

கோபம் இல்லை அண்ணன். ஆனால் யாரென்றே தெரியாத ஒருவர் ஒரு அலுவலரின் பெயரைச் சொல்லி "காசு வாங்கினார்" என்று எழுதினால் நான் எதை வைத்து அதை விடுவது? அந்த அலுவலருக்கும் வீடு, பிள்ளை இருக்கிறது.

படுவான்கரையான்

அதை விட வேண்டாம். "காசு வாங்கினார்" என்பது குற்றச்சாட்டு. "ஒன்பதாம் மதகு பத்து நாளாகப் பூட்டிக் கிடக்கிறது" என்பது போய்ப் பார்க்கக்கூடிய விசயம். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் அரை மணித்தியாலம். இரண்டையும் பிரிக்கத் தெரிந்த ஒருவரை வாசிக்க விடுங்கள். அதற்கு எழுதியவரின் போன் நம்பர் எதற்கு?

ஆரையம்பதி ரீச்சர்

அண்ணன், உங்கள் மதகுக்கு அது பொருந்தும். என் பிள்ளைகளின் படத்துக்குப் பொருந்தாது. ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் முகத்துக்குக் கீழே அறியாத ஆட்கள் எழுதுவதற்கு ஊருக்கு என்ன தேவை? வாழ்த்து சொல்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லட்டும். அந்தப் பக்கங்களில் கொமென்ட் பெட்டியே இருக்கக்கூடாது. அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அக்கரைப்பற்றுப் புரோகிராமர்

பதிவுக்குப் பதிவு கொமென்டை மூடலாம் ரீச்சர், எழுதும் பக்கத்தில் ஒரு டிக்கை எடுத்தால் சரி. முழுச் சைற்றுக்கும் ஒரே விதி வேண்டும் என்று தொடங்கியதால்தான் இவ்வளவு இழுபறி.

கல்லடி வாவிக்கரை

சரி, குழுவுக்கு நான் கொண்டு போகப் போவது இது. மாணவர் படங்களுக்குக் கொமென்ட் இல்லை. மரண அறிவித்தலில் பெயரும் ஈமெயிலும் கட்டாயம், முதல் தடவை பார்த்து விடுவோம், பிறகு நேரே வரும். சாவு விழுந்த நாளில் ஒருவர் விடியப்புறமே பார்க்கிற மாதிரி முறை போடுவோம், சுவிஸ் மாமா அதை நம்பலாம். வயல், குளம், கடன் பக்கங்களில் பெயரும் ஈமெயிலும் கட்டாயமில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வாசித்த பிறகுதான் வெளியே வரும், ஆளைச் சொல்லிக் குற்றம் சாட்டினால் வராது. எனக்கு இன்னும் முழு மனம் இல்லை. பெயர் போட்டு எழுதுகிறவனுக்கு நான் தனி மரியாதை வைத்திருக்கிறேன், அது மாறாது.

படுவான்கரையான்

வைத்திருங்கள் தம்பி, நானும் பெயர் போட முடிந்த இடத்தில் போடுகிறவன்தான். இரண்டு விசயம் மட்டும் சேர்த்துக்கொண்டு போங்கள். வயல் பக்கத்தை வாசிக்கிறவர் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், அதில் ஒருவர் ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும். அந்த ஐபி முகவரியைச் சேர்க்காமல் விட வழி இருக்கிறதா நானா?

அக்கரைப்பற்றுப் புரோகிராமர்

இருக்கிறது. தீமில் ஒரு சின்னக் கோட் போட்டால் அது பதிவாகாது. ஸ்பாம் பிடிப்பது கொஞ்சம் கஷ்டமாகும், ஆனால் எல்லாவற்றையும் ஒருவர் வாசிக்கிற பக்கத்தில் அது பெரிய குறையில்லை. ஹோஸ்டிங் சேவரின் பதிவேட்டில் மட்டும் சில காலம் இருக்கும், அதை நாங்கள் தடுக்க முடியாது, எழுதுகிறவர்களுக்கு அதையும் பெட்டிக்கு மேலே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். அந்தக் கோட் துண்டை இன்று இரவு அனுப்புகிறேன்.

படுவான்கரையான்

அனுப்புங்கள். அடுத்த தண்ணீர்த் திறப்புக்கு முன்னம் அந்தப் பெட்டி திறந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் வாசிக்க நான் ஒருவரைக் கேட்டு வைக்கிறேன், முறை போட்டு வாய்க்கால் துப்புரவுக்கு வருகிறவர், எந்த மதகு எங்கே என்று அவருக்குத் தெரியும்.