'குளிர்தாங்கி' சரியா? வெள்ளிக்கு முன் ஒரு சொல் வேண்டும்

கிளிநொச்சியிலிருந்து:
வணக்கம். இங்கிலாந்திலுள்ள எங்கட சனத்துக்கான வீட்டுத்தோட்டக் கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கமேலியா, ரோடோடென்ட்ரான் போல உறைபனியிலும் இலை உதிர்க்காமல் நின்று பூப்பவற்றுக்கு 'குளிர்தாங்கிப் பசுமைமாறாச் செடி' என்று போட்டுள்ளேன். சரிதானே?

வவுனியாவிலிருந்து:
'பசுமைமாறா' இருக்கட்டும். 'தாங்கி' வேண்டாம். இங்கே தாங்கி என்றால் தண்ணீர்த்தாங்கி. குளிர்தாங்கி என்றால் மீன் வைக்கும் பெட்டி என்றுதான் நினைப்பார்கள். 'உறைபனி தாங்குசெடி' என்று எழுதுங்கள். ஊறுகாய் போல வினைத்தொகை, 'ச்' மிகாது.

மன்னாரிலிருந்து:
வல் என்ற வேர் இருக்க ஏன் தாங்கவேண்டும்? 'பனிவல் செடி'. வன்மை, வன்னி எல்லாம் அந்த வேர்தான். கூதிர் (குளிர்காலம்), அற்சிரம் (முன்பனிக்காலம்) என்று சங்கச் சொற்களும் கிடக்கின்றன. 'அற்சிரவல்லி' எவ்வளவு அழகு!

வவுனியாவிலிருந்து:
வல்லி என்றால் கொடி, இது புதர். வன்னி என்பது மரப்பெயர், தீயைக் குறிக்கும் வடசொல்லும் அதுவே. வேரை இவ்வளவு தோண்டினால் செடி பட்டுப்போகும். வாசிப்பவருக்கு விளங்கவேண்டும்.

முல்லைத்தீவிலிருந்து:
வெறும் 'பனி' எங்களுக்கு மார்கழிப் பனி. வெயில் ஏற உலர்ந்துவிடும். ஆகவே 'உறைபனி' கட்டாயம். ஆனால் செடி சும்மா தாங்குவதில்லை. குளிர் மெல்ல ஏற வளர்ச்சி நின்று, தண்டு முற்றி, கலங்களில் சீனி கூடுகிறது. கோடை முடிவில் தழைச்சத்து உரம் போட்டால் இளந்தளிர் முற்றாமல் முதல் உறைபனியிலேயே கருகும். 'பனிமுற்று செடி' என்றால் அந்த விளக்கமும் சொல்லுக்குள் வந்துவிடும்.

கிளிநொச்சியிலிருந்து:
கைநூல் வசனங்களில் வைத்துப் பார்க்கிறேன். "உறைபனி தாங்குசெடியாகிய கமேலியாவைக் கிழக்குச் சுவரோரம் நடவேண்டாம், உறைந்த மொட்டில் காலை வெயில் பட்டால் பழுப்பாகி உதிரும். வேர்க்கட்டியின் மேல்மட்டம் தரைமட்டத்தை விட்டுத் தாழக்கூடாது. மண்ணின் பீஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 5.5 முதல் 6.5 வரை. மழைநீரே ஊற்றுங்கள்." எங்கட கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படியுமே, அதே சுண்ணாம்பு அங்கும் சில ஊர்களில் குழாய் நீரில் உண்டு, ஊற்ற ஊற்ற நரம்பு பச்சையாயிருக்க இலை மஞ்சளாகும். 'பனிமுற்று' போட்டால் வசனம் தடக்குகிறது. வவுனியா சொன்ன 'தாங்குசெடி' தடக்கவில்லை, அதையே அனுப்புகிறேன்.

முல்லைத்தீவிலிருந்து:
நான் ஒப்பவில்லை. தரையில் நின்று மைனஸ் 10 பாகையைத் தாங்கும் அதே கமேலியாவின் வேர், சாடியில் அதற்கு முன்னரே உறைந்துவிடும். 'தாங்கும்' என்று வாசித்தவர் சாடியை வெளியே விட்டுவிடுவார். சொல் அதுதான் என்றால், சாடியைச் சாக்கால் சுற்றச் சொல்லும் வரியைச் சொல்லுக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.