டேம் ஸ்டெஃபனி ஷெர்லி: 'ஸ்டீவ்' என்ற கையெழுத்துக்கு அப்பால்

மலர்விழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். குழந்தை பிறந்தபின் நான்கு ஆண்டுகள் விலகியிருந்துவிட்டு, இவ்வாண்டுதான் மீண்டும் நிரலாளராக வேலைக்குத் திரும்பியிருக்கிறேன். எங்கள் அலுவலகப் பெண்கள் குழுவில் அடுத்த மாதம் ஒரு தொழில்முனைவரைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் தம் 91-ஆம் வயதில் இங்கிலாந்தில் காலமான டேம் ஸ்டெஃபனி ஷெர்லியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன் ('டேம்' என்பது பிரித்தானிய அரசு பெண்களுக்கு வழங்கும் சிறப்புப் பட்டம்).

தேடிய இடங்களிலெல்லாம் ஒரே கதைதான் கிடைக்கிறது. ஸ்டெஃபனி என்று கையெழுத்திட்டு நிறுவனங்களுக்கு அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கணவரின் யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்ட பிறகே சந்திக்க அழைத்தார்கள். கதை உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு கையெழுத்து வாசல்வரைதானே கொண்டுபோய் விடும்? பிள்ளை பெற்று வேலையை விட்ட பெண்களைக் கொண்டு, அதுவும் அவரவர் வீட்டிலிருந்தே, 1960-களில் ஒரு மென்பொருள் நிறுவனம் எப்படி நடந்தது? அது தொழிலா, தொண்டா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இராசகோபால், திருச்சி:

மலர்விழி அவர்களுக்கு வணக்கம். நிறுவனத்துக்கு முந்தைய வாழ்க்கையை விட்டுவிடாதீர்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

அவர் 1933-இல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் வேரா புக்தால் என்ற பெயரில் பிறந்தார். தந்தை யூதர், நாஜி ஆட்சியில் நீதிபதிப் பதவியை இழந்தவர். 1939-இல், ஐந்து வயதுச் சிறுமியாக, ஒன்பது வயது அக்காள் ரெனாட்டேயின் கையைப் பிடித்துக்கொண்டு, யூதக் குழந்தைகளை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்ற 'கிண்டர்டிரான்ஸ்போர்ட்' ரயிலில் வியன்னாவிலிருந்து ஏறினார். முன்பின் அறியாத ஒரு தம்பதியர் அவர்களை வளர்த்தார்கள். காப்பாற்றப்பட்ட இந்த உயிர் காப்பாற்றத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் தம்மை வாழ்நாள் முழுவதும் ஓட்டியது என்று அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இதை வெறும் மேடைப்பேச்சு என்று நான் கருதவில்லை. அவருடைய முடிவுகளை வரிசையாகப் பார்த்தால் அந்தக் கணக்கு எல்லாவற்றிலும் தெரிகிறது.

படித்த பெண்கள் பள்ளியில் கணிதம் போதிய அளவு கற்பிக்கப்படாததால், ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் பாடம் கேட்டார். பல்கலைக்கழகத்துக்கு நேரே செல்லாமல், லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, மாலை வகுப்புகளில் படித்துக் கணிதத்தில் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில் கொலோசஸ் கணினியை உருவாக்கிய டாமி ஃபிளவர்ஸ் பணியாற்றிய இடம் அது. அரசின் பரிசுப் பத்திரங்களுக்கு எண்களைக் குலுக்கித் தேர்ந்த 'எர்னி' இயந்திரத்திலும் அவர் உழைத்தார். தொழில்நுட்பத்தில் அவர் எவருக்கும் குறைந்தவரல்லர் என்பதற்காக இவ்வளவும் சொல்கிறேன்.

தேன்மொழி:

தொழில் நடந்த விதத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். மலர்விழியின் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

1962-இல் ஆறு பவுண்டு முதலீட்டில், வீட்டு உணவு மேசையில், 'ஃபிரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' தொடங்கியது. அந்நாளில் கணினி வாங்குவோருக்கு மென்பொருளை இலவச இணைப்பாகவே கொடுத்து வந்தார்கள். அதைத் தனியே விலைக்கு விற்கலாம் என்பதைப் பலர் நம்பவே இல்லை. எனவே அவர் போராடியது பெண் என்ற தடையோடு மட்டுமன்று. விற்ற பொருளே சந்தைக்குப் புதிது.

வேலைக்கு வந்தவர்கள் திருமணத்துக்காகவோ முதல் குழந்தைக்காகவோ நிறுவனங்களை விட்டு வந்த, நன்கு பயிற்சி பெற்ற பெண்கள். வீட்டில் தொலைபேசி இருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. கணினி எவர் வீட்டிலும் இல்லை. தாளில் பென்சிலால் நிரலை எழுதி, வரிவரியாகக் கண்ணாலேயே சரிபார்த்து அனுப்புவார்கள்; கணினி மையத்தில் அது துளையட்டைகளில், அதாவது கணினி படிக்கும்படி துளையிட்ட அட்டைகளில், ஏறும். பிழை இருந்தால் அது தெரியவரவே நாளாகும் என்பதால், எழுதும்போதே பிழையின்றி எழுதும் ஒழுங்கு அவர்களுக்கு வந்துவிட்டது. யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார் என்று எவரும் கேட்கவில்லை. குறித்த நாளில் குறித்த தரத்தில் வேலை வந்ததா என்பதே கேள்வி. கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் இவ்வாறு வீடுகளில் எழுதப்பட்டதுதான். அந்தப் பணியில் முன்னின்ற ஆன் மாஃபட், கைக்குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு நிரல் எழுதும் பழைய புகைப்படம் ஒன்று உண்டு. முடிந்தால் உங்கள் கூட்டத்தில் அதைக் காட்டுங்கள்.

ஷெர்லியைப் பற்றி இன்னொரு செய்தி. வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது குழந்தையின் அழுகை கேட்டுவிடக் கூடாதென்று, தட்டச்சு ஓசையை ஒலிநாடாவில் பதிந்து வைத்து, அழைப்பு வந்ததும் அதை ஓடவிடுவாராம். கையெழுத்துக் கதையை விட இந்த ஒலிநாடாதான் என் மனத்தில் தங்கிவிட்டது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கணினித் திரையில் கூட்டத்துக்கு அமரும் நமக்கு இது நன்றாகவே புரியும்.

கதிரவன்:

தேன்மொழி அவர்கள் சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் அந்தப் பெண்கள் நிரந்தர ஊழியர்கள் அல்லர். வேலை வந்தால் ஊதியம், வராவிட்டால் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்தபோது நிறுவனமே மூழ்கும் நிலைக்கு வந்தது. வீட்டிலிருந்து வேலை என்பதைப் புகழும்போது, அந்த நிச்சயமின்மையைச் சுமந்தவர்கள் யார் என்பதையும் சொல்வதுதான் முறை.

தேன்மொழி:

நியாயமான கருத்து, கதிரவன். அந்தப் பெண்களுக்கு அன்று இருந்த மாற்று, வேலையே இல்லாமல் இருப்பதுதான் என்பதையும் எண்ணிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். 1975-இல் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் பிரித்தானியாவில் வந்தபோது, பெண்களுக்கே முன்னுரிமை என்ற அவருடைய கொள்கையும் சட்டவிரோதமாகிவிட்டது. அதன்பின் ஆண்களையும் சேர்த்தார்கள்.

நீங்கள் எழுப்பிய கேள்விக்கு அவரே காலப்போக்கில் அளித்த விடை, பங்குரிமை. உரிமையைச் சிறுகச் சிறுக ஊழியர்கள் கைக்கு மாற்றினார். 1996-இல் நிறுவனம் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தபின், அவர்களில் 70 பேர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். ஆகவே, தொழிலா தொண்டா என்றால், தொழில்தான் என்பேன். ஆதாயம் உழைத்தவர் கைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று எண்ணி நடத்திய தொழில்.

இராசகோபால், திருச்சி:

தொண்டு தனியாக வந்தது. அது மிகுந்த துயரத்திலிருந்து வந்தது. ஒரே மகன் ஜைல்ஸ், நிறுவனம் தொடங்கிய மறு ஆண்டு பிறந்தவர். பேசத் தொடங்கியிருந்த குழந்தை, பேச்சை அறவே இழந்தது. கடுமையான ஆட்டிசம் என்றார்கள். வலிப்பும் சேர்ந்துகொண்டது. நிறுவனத்தையும் மகனையும் ஒருசேரத் தாங்க முடியாமல் தாமே உடைந்து மருத்துவமனையில் சேர்ந்த காலத்தையும் அவர் மறைக்காமல் பேசியிருக்கிறார். ஜைல்ஸ் 1998-இல், 35 வயதில், இறந்தார். 1993-இலேயே நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த தாய், தம் செல்வத்தில் பெரும்பகுதியை ஆட்டிசத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் கொடுத்தார். பெர்க்‌ஷயரில் உள்ள ப்ரையர்ஸ் கோர்ட் பள்ளி, ஆட்டிச ஆராய்ச்சிக்கான ஆட்டிஸ்டிகா அறக்கட்டளை, ஆக்ஸ்ஃபோர்டு இணைய ஆய்வு நிறுவனம் ஆகியவை அவர் பணத்தால் எழுந்தவை.

செந்தில்நாதன், சென்னை:

அவர் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் சான்ஸா என்று பெயர் மாறி, சென்னையிலும் நொய்டாவிலும் அலுவலகங்கள் வைத்திருந்தது. 2007-இல் பிரான்சின் ஸ்டீரியா அதை வாங்கியது. இந்தத் துறையில் நீண்ட காலம் இருப்பவன் நான். அந்தப் பெயரோடு சென்னையில் பழகிய பலருக்கு அதன் தொடக்கம் ஓர் உணவு மேசையில் என்பது தெரிந்திருக்காது.

மலர்விழி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பின் நான் சென்ற முதல் நேர்காணலில், "குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். ஆகவே என் பேச்சை அந்த ஒலிநாடாவிலிருந்து தொடங்குகிறேன். கதிரவன் சொன்ன நிச்சயமின்மையையும் பங்குரிமைக்கு முன்பாக வைத்துச் சொல்வேன். ஆன் மாஃபட்டின் புகைப்படத்தைத் தேடி எடுத்துவிட்டேன். சமையலறை மேசை, தாள்கள், பக்கத்தில் குழந்தை.