மக்னீசியம் சல்பேட் சுவர் அட்டை: சரிபார்த்துச் சொல்லுங்கள்

பிரசவ அறையில் வேலை பார்க்கும் செவிலியர்களே, மருத்துவர்களே, ஓர் உதவி வேண்டும். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்த கர்ப்பிணியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் பார்க்க ஒரு சுவர் அட்டை தயாராகிறது. இதுவரை எழுதியது இது:

மக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் 10 கிராம். ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், ஆழமாகத் தசையில். 50 சதவீத ஆம்பூலில் (சிறு கண்ணாடி மருந்துக் குப்பி) 2 மில்லிக்கு 1 கிராம்தான். ஆகவே பக்கத்துக்கு 5 ஆம்பூல், 10 மில்லி. அவசரத்தில் 25 சதவீத ஆம்பூலை எடுத்தால் பாதி மருந்துதான் உள்ளே போகும்.

4 மணி நேரம் கழித்து அடுத்த 5 கிராம். அதற்கு முன் முழங்கால் அனிச்சை (முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் உதறுவது) இருக்க வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையக் கூடாது. 4 மணி நேரத்தில் சிறுநீர் 100 மில்லியாவது வேண்டும். மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், சிறுநீர் குறைந்தால் ரத்தத்தில் தேங்கி மூச்சையே நிறுத்திவிடும். முறிவு மருந்து: 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி, சிரைவழி மெதுவாக.

மக்னீசியம் சல்பேட் வலிப்புக்கான மருந்து. அழுத்தம் 160/110க்கு மேல் நின்றால் அதைக் குறைக்க லபெட்டலாலோ நிஃபெடிபினோ தனியாக வேண்டும்.

உங்கள் இடத்தில் டோஸ் கொடுத்த நேரத்தைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டில் எங்கே எழுதுகிறீர்கள்? ஆம்புலன்ஸில் அனிச்சை பார்ப்பது யார்? இரவில் ஒரே செவிலியர் இருந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அட்டையில் பிழை கண்டால் உடனே எழுதுங்கள்.