44 கிலோ போனது, 15 கிலோ திரும்பி வந்தது: பிழை யாருடையது?

தேயிலைப்பூ:
தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 39, உயரம் 158 சென்டிமீட்டர். நான்கு வருடங்களுக்கு முன் கொழும்பில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் ஸ்லீவ் என்கிற இரைப்பைக் குறைப்புச் சத்திரசிகிச்சை செய்தார்கள். அன்று 118 கிலோ. ஒன்றரை வருடத்தில் 74க்கு இறங்கினேன். நீரிழிவு மாத்திரையையும் நிறுத்தினார்கள். இன்று 89.

79 ஆனபோது ஒரு கிளினிக் தவணையைத் தவறவிட்டேன். இரண்டு கிலோவாவது குறைத்துக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். குறையவில்லை. அடுத்த தவணையும் போயிற்று. இப்போது இரண்டு வருடமாகப் போகவில்லை. கடைசியாகப் போன அன்று நிறை பார்த்த ஊழியர் ஒருவர், "அரசாங்கம் இவ்வளவு செலவழித்தும் இப்படியா?" என்று கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மெலிந்தபோது "டீச்சருக்கு என்ன சீக்கு?" என்று கேட்ட அதே லயத்துச் சனம், இப்போது "வெட்டிய வயிறு மறுபடி முளைத்துவிட்டதா?" என்கிறது. இது என் பிழையா, உடம்பின் வேலையா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

பழைய கணக்கப்பிள்ளை:
மழுப்பாமல் கேட்டதால் மழுப்பாமல் சொல்கிறேன் மகள். டொக்டர் வயிற்றைத்தான் வெட்டினார், நாக்கை வெட்டவில்லை. எனக்கும் சீனி வருத்தம் இருக்கிறது. கத்தி படாமல் 11 கிலோ குறைத்தேன். தினமும் டிவிஷனிலிருந்து டவுனுக்கு நடந்துபோய் நடந்தே வருவேன். பிளேன்டீக்குச் சீனி இல்லை, ராத்திரிச் சோறும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை தேநீர், எத்தனை கரண்டி சீனி? முதலில் அதை எழுதுங்கள். பிறகு உடம்பைக் குற்றம் சொல்லலாம்.

நானுஓயா பயணி:
11 கிலோ குறைத்தவர் 44 கிலோ குறைத்தவருக்குப் பாடம் எடுக்கிறார்!

ஐயா கோபிக்க வேண்டாம். எனக்கு ஏழு வருடங்களுக்கு முன் நிறை குறைக்க இரைப்பை பைபாஸ் (இருதயத்தில் செய்வது இல்லை) சத்திரசிகிச்சை நடந்தது. எனக்கும் பாதியில் ஏறியது, அதனால் பேசுகிறேன். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த வெட்டிய பகுதியில்தான். அதனால்தான் முதல் வருடத்தில் பசி என்றால் என்னவென்றே மறந்துபோகிறது. அந்தத் தேனிலவு முடிந்து பசி மெல்லத் திரும்புகிறது, குழாய்போல் ஒடுங்கிய இரைப்பையும் கொஞ்சம் விரியலாம். 118 கிலோ உடம்பு எரித்த அளவுக்கு 74 கிலோ உடம்பு எரிக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1987இல் சுவீடனில் தொடங்கிய ஆய்வு ஒன்று 4,000 பேருக்கும் மேற்பட்டவர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தது. அதில் பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு வருடங்களில் சராசரியாக 32 வீதம் நிறை இழந்தார்கள். பத்தாம் வருடத்தில் அது 25 வீதம், பதினைந்தாம் வருடத்தில் 27. சத்திரசிகிச்சை செய்யாத கூட்டம் அத்தனை வருடமும் இரண்டு மூன்று வீதத்துக்குள்ளேயே ஏறி இறங்கியது. டீச்சர், 118க்கு 29 எத்தனை வீதம்? ஏறக்குறைய 25. உங்களுடையது ஸ்லீவ், நாலு வருடம்தான் ஆகிறது. அதனால் இது சரியான ஒப்பீடு இல்லை. ஆனால் "தோற்றுவிட்டேன்" என்று சொல்லும் இடத்தில் நீங்கள் இல்லை.

பழைய கணக்கப்பிள்ளை:
சராசரியைப் பற்றி என்னிடமா சொல்கிறீர்கள், தம்பி? முப்பது வருடம் தேயிலைக் கொழுந்தைத் தராசில் போட்டு நிறை பார்த்த கை இது. மலைக்குச் சராசரி 18 கிலோ என்றால், ஒருத்தி 25 எடுத்திருப்பாள், ஒருத்தி 11 எடுத்திருப்பாள். 11 எடுத்தவளிடம் காரணம் கேட்காத கணக்கப்பிள்ளையைத் துரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நானுஓயா பயணி:
அவள் எந்த மலையில் நின்றாள் என்று கேட்டீர்களா? கவ்வாத்து வெட்டிய மலையா, கிழட்டுச் செடி நின்ற மலையா?

பழைய கணக்கப்பிள்ளை:
கேட்டிருக்கிறேன். எல்லா நாளும் கேட்டேன் என்று சொல்லமாட்டேன்.

தேயிலைப்பூ:
ஐயா, நீங்கள் அதை எழுதியதும் எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டார். கூடையோடு தராசுக்கு முன்னால் நிற்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ, கிளினிக் தராசுக்கு முன்னால் என் முகமும் அப்படித்தான் இருக்கும்.

சரி, கணக்கு. ஆறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி. பாடசாலை இடைவேளையில் மாரி பிஸ்கட் நாலைந்து. முதல் இரண்டு வருடம் இது எதுவும் இல்லை. அம்மா சுடும் ரொட்டி எனக்கு இறங்குவதே இல்லை. அரை ரொட்டியில் நெஞ்சில் அடைத்துக்கொள்கிறது. பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தால் சிரமமில்லாமல் இறங்குகிறது.

மருந்துப்பெட்டி:
பதுளையில் மருந்தாளர். டீச்சர், விஷயம் உங்கள் கடைசி இரண்டு வரியில் இருக்கிறது. ஒடுங்கிய இரைப்பை காய்ந்த ரொட்டியையும் இறைச்சியையும் தடுத்து நிறுத்தும். ஊறிய பிஸ்கட், ஐஸ்கிரீம், சீனித் தேநீர் எல்லாம் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. 12 கரண்டி, கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தாலும் 60 கிராம் சீனி, 240 கலோரி. இந்த இடத்தில் கணக்கப்பிள்ளை ஐயா சொல்வது சரி. சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தால் நல்லது என்று என் கடையில் தினமும் யாராவது வாதாடுகிறார்கள். அதுவும் சீனிதான்.

எனக்கு இரண்டு கேள்வி. நெஞ்சில் அடைப்பது புதிதா, ஆரம்பத்திலிருந்தே இருக்கிறதா? வாந்தியோ புளித்த ஏப்பமோ கூடவே வந்தால் கெமராக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்தது, இந்த இரண்டு வருடத்தில் வேறு என்ன மருந்து எடுத்தீர்கள்?

தேயிலைப்பூ:
அடைப்பது ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, வாந்தி இல்லை. மருந்து என்றால், பனிக் காலத்தில் இழுப்பு வரும். டவுனில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் கடதாசிப் பையில் சின்ன வெள்ளை மாத்திரை தருவார்கள். பெயர் தெரியாது. போன வருடம் ஐந்தாறு தடவை எடுத்திருப்பேன். எடுத்தால் மூச்சு நன்றாக இருக்கும், பசிதான் அடங்காது.

மருந்துப்பெட்டி:
பையைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் இழுப்புக்குக் கொடுக்கும் சின்ன வெள்ளை மாத்திரை ப்ரெட்னிசொலோனாக இருக்கலாம். அது ஒரு ஸ்டெரொய்ட், பசியைக் கூட்டும், நிறையைக் கூட்டும், இரத்தத்தில் சீனியையும் ஏற்றும். பெயரை எழுதி வாங்குங்கள். தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்த வேண்டாம், டொக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். இழுப்புக்கு இன்ஹேலர் இருக்கிறது.

கண்டிக்காரி:
எல்லோரும் கரண்டியையும் மாத்திரையையும் எண்ணுகிறீர்கள். நான் கேட்பது வேறு. ஆயுள் முழுக்கக் கிளினிக், ஆயுள் முழுக்க விட்டமின் என்று நிபந்தனை போட்டுத்தான் இந்தச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். தலவாக்கலையிலிருந்து கொழும்புக்கு இருட்டோடு பஸ் ஏறி, ஒரு நாள் லீவு போட்டு, ஐந்து நிமிடம் டொக்டரைப் பார்த்துவிட்டு ராத்திரி வீடு வந்து சேருவது யாரால் முடியும்? என் நாத்தனார் இப்படித்தான் விட்டார். உள்ளங்கால் மரத்துப்போய், அடுப்படியில் செருப்பு கழன்றதே தெரியாமல் நடந்தார். விட்டமின் பி12 குறைவு. பக்கத்தில் தொடர் கவனிப்பு இல்லாத ஊரில் இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்யவே கூடாது என்பது என் கட்சி.

நானுஓயா பயணி:
செய்யாமல் விட்டிருந்தால் 118 கிலோவோடும் நீரிழிவோடும் அதே பஸ்ஸில்தான் அக்கா போக வேண்டும். கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் காலுக்கும் வேறு வேறு கிளினிக். இரத்தப் பரிசோதனையையும் பி12 ஊசியையும் பக்கத்து ஆதார வைத்தியசாலையில் எடுத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் கொழும்புக்குப் போக முடியாதா என்று நான் என் டொக்டரிடம் கேட்டேன். கடிதம் எழுதித் தந்தார். கேட்டிருக்காவிட்டால் தந்திருக்கமாட்டார், அதுவும் உண்மை.

கண்டிக்காரி:
உங்களுக்குக் கேட்க வாய் இருந்தது. என் நாத்தனாருக்கு வீட்டிலேயே வாய் இல்லை.

மருந்துப்பெட்டி:
டீச்சர், விட்டமின் எடுக்கிறீர்களா?

தேயிலைப்பூ:
2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிடைக்கவில்லை. கிடைத்தபோது விலையைப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். பிறகு பழக்கம் விட்டுப்போயிற்று. கால் மரக்கவில்லை. முடி கொட்டுகிறது, மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது. இழுப்பு என்று நினைத்தேன்.

மருந்துப்பெட்டி:
இரத்தச்சோகையாகவும் இருக்கலாம். நிறையை விடுங்கள், இதற்காகவே நீங்கள் போக வேண்டும். இரும்புச்சத்து, பி12, விட்டமின் டி, மூன்று மாதச் சராசரிச் சீனி, தைரொய்ட் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். நிறை கூடியதற்கும் இப்போது மருந்துகள் வந்திருக்கின்றன, தேவைப்பட்டால் மறு சத்திரசிகிச்சையும் செய்கிறார்கள். அந்தப் பேச்சு அதற்குப் பிறகு. இதற்கிடையில் சாப்பாட்டில் முதலில் முட்டை, நெத்தலி, கௌபி, பருப்பு. சோறு கடைசியில்.

பழைய கணக்கப்பிள்ளை:
இரத்தச்சோகை என்று முதலிலேயே எழுதியிருந்தால் நான் நடக்கச் சொல்லியிருக்கமாட்டேன். சீனி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். நிறை பார்த்தவரின் வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுந்து குறைந்தவளை நான் ஏசியிருக்கிறேன். ஏச்சு வாங்கியவள் அடுத்த நாள் கூடுதலாக எடுத்ததாக ஞாபகம் இல்லை. சிலபேர் வேலைக்கே வரவில்லை.

தேயிலைப்பூ:
மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். ஆதார வைத்தியசாலையில் இரத்தம் கொடுத்துவிட்டேன். கொழும்புக் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு வருடம் ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை, பழைய கிளினிக் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். அடுத்த மாதம் 23ஆம் திகதி. மாத்திரை ப்ரெட்னிசொலோன்தான், டிஸ்பென்சரியில் எழுதிக் கேட்டு வாங்கினேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு தந்தார்கள்.

ஐயா, சீனி ஆறு கரண்டியில் நிற்கிறது.

பழைய கணக்கப்பிள்ளை:
ஆறு அதிகம் மகள்.

நானுஓயா பயணி:
பன்னிரண்டில் பாதி ஐயா!

பழைய கணக்கப்பிள்ளை:
எனக்குக் கணக்குத் தெரியும் தம்பி. அதிகம்தான்.