சித்தூர்ப்புழைப் பரல் மீன்களை அடையாளம் காண உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு சித்தூர்ப் பக்கம் இருக்கிறேன். ஆழியாற்றுத் தண்ணீர் வரும் சித்தூர்ப்புழையில் போய்ச் சேரும் எங்கள் ஊர் வாய்க்காலைத் தூர்வாரப் போகிறார்கள். அதற்குள் அதில் வாழும் பொடிமீன்களைப் பெயரோடு பதிவு செய்துவிட வேண்டும். இங்கே எல்லாவற்றையும் பரல் என்றே சொல்லிவிடுகிறார்கள்.

கூழாங்கல்லில் சலசலத்து ஓடும் இடத்தில், பக்கவாட்டில் நீலமும் மஞ்சளுமாகக் கோடு போட்டது மலபார் டேனியோ. வாலருகே நீள்கரும்பொட்டும், ஆணுக்கு முதுகுத்துடுப்பில் இழை இழையாக நீளும் கதிர்களும் உள்ளது டாகின்சியா ஃபிலமென்டோசா. இந்த இரண்டில் சந்தேகமில்லை.

குழப்பம் மூன்றாவதில்தான். வேலம்பாசி அடர்ந்த தேங்கிய நீரில் கிடக்கிறது, கட்டைவிரல் நீளம்கூட இல்லை. செவுளுக்குப் பின்னால் ஒரு பொட்டு, வாலடியில் ஒன்று. பெதியா டிக்டோவா, பெதியா பங்டேட்டாவா? டிக்டோவுக்குப் பக்கக்கோடு (உடலின் பக்கவாட்டில் துளையுள்ள செதில்கள் வரிசையாக அமைந்த கோடு) பாதியில் நின்றுவிடும், பங்டேட்டாவுக்கு வால்வரை ஓடும். ஆனால் உயிரோடு துள்ளும் மீனின் மினுங்கும் செதிலில் அந்தத் துளைகள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கொன்று ஃபார்மலினில் போட மனமில்லை.

கண்ணாடித் தொட்டியில் விட்டு எந்தக் கோணத்தில், எப்படி வெளிச்சம் கொடுத்துப் படம் எடுத்தால் அது தெரியும்? துடுப்பு நிறத்தை நம்பலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், தூர்வாரும் வேலை தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.